சீட்டுக் குலுக்கிக் கதை சொல்லும் கம்ப்யூட்டர்

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. என் போனில் சாட்ஜிபிடியிடம் கதை கேட்கிறாள். "உள்ளே யாரம்மா பேசுவது?" என்றாள். ரோபோ என்று சொல்லிவைத்தேன். இப்போது, "அந்த ரோபோவுக்கு யார் சோறு போடுவார்கள்?" என்று நச்சரிக்கிறாள். அதற்குக் குட்நைட் சொல்லாமல் படுப்பதில்லை. எப்படிப் புரியவைப்பது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அம்மணி, முதலில் அந்த ரோபோவை வீட்டைவிட்டு அனுப்புங்கள். ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் சொல்கிறேன், வயிறு இருக்கும் எதையும் குழந்தைகள் பட்டினி போட மாட்டார்கள். அவளிடம் இப்படிச் சொல்லுங்கள்: போனுக்குள் யாரும் இல்லை. நீ கேட்பது எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்குப் போய், பதில் திரும்பி வருகிறது. அவற்றுக்குச் சாப்பாடு கரன்ட். இவ்வளவு போதும்.

பதில் உருவாகும் விதத்தைக் காட்ட ஒரு டம்ளரும் 10 துண்டுக் காகிதமும் எடுங்கள். "ஒரு ஊரில் ஒரு..." என்று நிறுத்தினால், "ராஜா!" என்பாள். கேட்ட கதைகளில் அந்த இடத்தில் அடிக்கடி வந்தவர் அவர்தானே. 6 சீட்டில் ராஜா, 3 சீட்டில் பாட்டி, ஒன்றில் நரி என்று எழுதிக் குலுக்கி, அவளையே எடுக்கச் சொல்லுங்கள். பாட்டி வந்தால் அடுத்த சுற்றுக்குச் சீட்டுகளை மாற்ற வேண்டும்: வடை நிறைய, கிரீடம் அநேகமாக இல்லை. முன்னால் வந்த சொற்களைப் பார்த்து இப்படி ஒவ்வொரு சொல்லாக, சில சமயம் சொல்லின் துண்டாக, எடுத்துக் கோர்ப்பதுதான் அதன் பேச்சு. நேற்றைய கதை இன்று வேறாக வருவதும் இதனால்தான்.

"சீட்டை எழுதியது யார்?" என்பாள். கேட்காவிட்டால்தான் எனக்குக் கவலை. யாரும் எழுதுவதில்லை. மலைமலையாக எழுத்தைக் கொடுத்து, அடுத்த சொல்லை ஊகிக்கவிட்டு, பிசகும்போதெல்லாம் உள்ளிருக்கும் எண்களைத் துளித்துளியாகத் திருத்துகிறார்கள். 2020-இல் வந்த, சாட்ஜிபிடிக்கு முன்னோடியான ஜிபிடி-3 மாடலில் அப்படி 17,500 கோடி எண்கள். இது உங்களுக்கு, அவளுக்கு, "நிறையப் படித்துப் பழகியது" என்றால் போதும்.

இன்னொரு சுற்றையும் விடாமல் ஆடுங்கள். "நம் ஆத்தாவுக்குப் பிடித்த பலகாரம்..." டம்ளரில் முறுக்கு, அதிரசம், சீடை. எதை எடுத்தாலும் வாக்கியம் சரியாகத்தான் அமையும். ஆனால் ஆத்தாவுக்கு எது பிடிக்கும் என்பது டம்ளருக்குத் தெரியாது; ஆத்தாவிடம் போய்த்தான் கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் ஏன் சில சமயம் இல்லாததைச் சொல்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

குட்நைட்டுக்காக அதட்டாதீர்கள். 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய எலைசா, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் சின்னஞ்சிறு புரோகிராம். அவர் அதை எழுதுவதைக் கூடவே இருந்து பார்த்த செயலாளர், அதனோடு பேசத் தொடங்கியதும் அவரையே வெளியே போகச் சொன்னாராம். பெரியவர்கள் பாடே அப்படி!

ஒன்று மட்டும்: சாட்ஜிபிடி 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அல்ல என்று அதை நடத்தும் நிறுவனமே சொல்கிறது. போன் உங்கள் கையில் இருக்கட்டும். அவள் கேட்கட்டும், நீங்கள் தட்டச்சு செய்யுங்கள்.