ஐ சிங் பார்க்கப் பழகலாமா? தீட்சையும் பழங்காசும் தேவையா?

கேள்வி: எனக்கு 41 வயது. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்கலாமா என்று ஒரு வருடமாகக் குழப்பம். சீனாவின் பழைய குறி நூலான ஐ சிங் வழி காட்டும் என்கிறார் இணைய வகுப்பு நடத்தும் ஒருவர். கட்டணம் 18,000 ரூபாய். குருவிடம் தீட்சை பெற்றுத்தான் பார்க்க வேண்டுமாம். பழைய சீனக் காசு மூன்றையும் அவரிடமே வாங்க வேண்டுமாம். 3,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். தொடரலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: மீதி 15,000 ரூபாயைக் கட்டாதீர்கள். ஐ சிங் மீது ஆசை இருந்தால் தாராளமாகப் பழகுங்கள். அதற்கும் அந்த வகுப்புக்கும் சம்பந்தமில்லை.

ஐ சிங் ஒரு புத்தகம். சீனாவில் மேற்குச் சோவ் அரசர்கள் காலத்தில், ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் உருவான குறி வாசகங்கள்தான் அதன் அடித்தளம். 'பத்து இறக்கைகள்' எனப்படும் விளக்கங்கள் பிற்பாடு சேர்ந்தன. முழுக்கோடு, நடுவில் உடைந்த கோடு என இரண்டே கோடுகள். ஆறு கோட்டை அடுக்கினால் ஒரு குவா. மொத்தம் 64 குவாக்கள். ஒவ்வொரு குவாவுக்கும் ஒரு பொது வாசகம் உண்டு, அதன் ஆறு கோடுகளுக்கும் தனித்தனி வாசகம் உண்டு. தீட்சை என்ற பேச்சே அந்த நூலில் கிடையாது.

பழங்காசு கதை அதைவிட மோசம். ஆதிமுறையில் காசே இல்லை. காய்ந்த செடித் தண்டுகள் 50 எடுத்து, ஒன்றை ஒதுக்கி, மிச்சத்தை 18 தடவை பிரித்து எண்ணுவார்கள். காசு பின்னால் வந்த சுருக்குவழி. உங்கள் பர்ஸில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயம் மூன்றே போதும். தலைக்கு 3, பூவுக்கு 2. மூன்றையும் சேர்த்துப் போட்டால் கூட்டுத்தொகை 6, 7, 8, 9-ல் ஒன்றாக வரும். ஒற்றைப்படை என்றால் முழுக்கோடு, இரட்டைப்படை என்றால் உடைந்த கோடு. 6 அல்லது 9 வந்தால் அது மாறும் கோடு. அந்தக் கோட்டின் வாசகத்தையும் படிக்க வேண்டும். இப்படி ஆறு முறை போட்டு, கீழிருந்து மேலாக வரைய வேண்டும். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதைக் கற்க ஒரு மாலை நேரம் அதிகம்.

உங்கள் கேள்விக்கு முதலில் 9, பிறகு ஐந்து முறையும் 7 விழுகிறது என்று வையுங்கள். ஆறும் முழுக்கோடு, அதுதான் முதல் குவா. பொது வாசகம் பெரும் வெற்றி என்கிறது. மாறும் கோடான அடிக்கோட்டின் வாசகமோ 'மறைந்திருக்கும் டிராகன், செயல்படாதே' என்கிறது. அடிக்கோட்டை மாற்றினால் 44-ஆவது குவா வரும், அதையும் படிக்க வேண்டும். ராஜினாமா கடிதம் கொடு என்றோ கொடுக்காதே என்றோ எந்த இடத்திலும் இல்லை. 'இப்போது நான் எதை மறைத்து வைத்திருக்கிறேன், எதற்குத் தயாராக இல்லை' என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும். அந்த யோசனைக்காகத்தான் அந்த நூல். இதையே இடைத்தரகர் படித்தால் 'அடுத்த ஆடிக்குப் பிறகு விடுங்கள்' என்று தேதி குறித்துக் கொடுப்பார். நூலில் உங்களுக்கான தேதி எதுவும் கிடையாது.

கணினியின் இரும எண்ணே (0, 1 மட்டும் கொண்ட எண்முறை) ஐ சிங்கிலிருந்து வந்தது என்றும் விளம்பரத்தில் போடுவார்கள். தவறு. ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸ் இரும எண்ணைத் தானே வகுத்துப் பல ஆண்டுகள் கழிந்த பிறகுதான், சீனாவிலிருந்த பூவே (Bouvet) என்ற பாதிரியார் அனுப்பிய 64 குவா படம் அவர் கைக்கு வந்தது. இப்படிப்பட்ட வகுப்புகள் தரும் 'சர்வதேசச் சான்றிதழ்' என்பதற்கும் மதிப்பில்லை. ஐ சிங்குக்குச் சான்றிதழ் கொடுக்க இங்கே அரசு அங்கீகாரம் பெற்ற அமைப்பு எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் அச்சடித்துக் கொடுக்கலாம், கேட்க ஆளில்லை. படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவைத்தார்கள், கடை விரித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆற அமரப் படிக்க வேண்டிய நூல் வாட்ஸ்அப் குழுவில் தவணைக்கு விற்பனையாவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு விதியை மட்டும் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்கக் கூடாது. இதை நூலே நான்காவது குவாவில் சொல்கிறது: முதல் முறை கேட்டால் பதில் உண்டு, இரண்டு மூன்று முறை கேட்பது அவமதிப்பு, அப்போது பதில் இல்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. நிலைமை நிஜமாகவே மாறியிருந்தால் மறுபடி கேட்கலாம். நிஜமாக என்றால், வங்கி கடன் தர ஒப்புக்கொண்டது, கூட்டாளி விலகிவிட்டார், நிறுவனம் ஆட்குறைப்பு அறிவித்தது, இப்படி வெளியில் நடந்த ஒன்று. 'நேற்று சரியாக மனதை ஒருமுகப்படுத்தவில்லை' என்பது மாற்றமல்ல. 'கேள்வியை வேறு மாதிரி கேட்டுப் பார்க்கிறேன்' என்பதும் மாற்றமல்ல. மாறியது உங்கள் பதற்றம் மட்டும் என்றால் காசைத் தொடாதீர்கள். நீங்கள் ஒரு வருடமாகக் குழம்புகிறவர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தினமும் போட்டுப் பார்க்கத் தோன்றினால் அன்றோடு நூலை மூடிவிடுங்கள்.

ஆங்கிலம் படிக்க வருமென்றால் ஜேம்ஸ் லெக் 1882-ல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசம். நடை கொஞ்சம் கரடுமுரடு. ரிச்சர்ட் வில்ஹெல்மின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு 1950-ல் ஆங்கிலத்தில் வந்தது, உளவியலாளர் யுங் முன்னுரை எழுதியது. அதில் விளக்கம் அதிகம், தொடக்கத்துக்கு அதுவே நல்லது. வேலை விஷயத்துக்கு, ஒரு வருடக் குடும்பச் செலவு கையில் இருக்கிறதா என்ற கணக்கை நாணயம் போடும் முன்பே எழுதி வையுங்கள். அதை எந்தக் குவாவும் போட்டுத் தராது.

முன்பணம் 3,000 ரூபாயைத் திருப்பித் தரும்படி இன்றே எழுத்தில் கேளுங்கள், போனில் அல்ல. பணம் அனுப்பிய ரசீது, வகுப்பு விளம்பரம், அவர் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். 'கட்டணம் திரும்பத் தரப்படாது' என்பார். அதோடு விட்டுவிடாமல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்யுங்கள். இழுத்தடிக்கும், ஆனாலும் புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள்.