எகிப்து நண்பரின் வாட்ஸ்அப் செய்தியில் 3, 7, 2 வருவது ஏன்?

எகிப்து நண்பர் ஆங்கில எழுத்தில் அனுப்பும் அரபிச் செய்திகளின் நடுவே எண்கள் வருகின்றன, ஓராண்டாக அரபி படித்தும் புரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அவை எண்களே அல்ல, எழுத்துகள். ஆங்கில எழுத்தில் அரபி எழுதும்போது அதில் இல்லாத ஒலிகளுக்கு எண்ணைப் போடுகிறார்கள். 3 என்றால் அய்ன் என்ற அரபி எழுத்து (கண்ணாடியில் பார்த்தால் அதே உருவம்), 7 என்றால் ஹா, 2 என்றால் ஹம்ஸா (தொண்டையில் சட்டென நிறுத்தும் ஒலி). 5 என்றால், அரபியில் ஐந்தைக் குறிக்கும் ‘கம்ஸா’வின் முதல் எழுத்து. ஆக ‘7பீபி’ என்பது ஹபீபி. அரபி எழுத்து வராத பழைய கைபேசிகளில் தொற்றிக்கொண்ட பழக்கம் இது.

எண்களை அரபி எழுத்தாக மாற்றி எழுதியும் மொழிபெயர்ப்புச் செயலி உளறுகிறது என்கிறீர்கள். ஓராண்டாக நீங்கள் படித்தது ஃபுஸ்ஹா, அதாவது நூல்களிலும் செய்திகளிலும் வரும் எழுத்து அரபி. அவர் எழுதுவது கெய்ரோ பேச்சு. பெரும்பாலும் கோளாறு அங்கேதான். ‘வேண்டும்’ என்பதற்கு நீங்கள் ‘உரீது’ தேடுவீர்கள். அவர் ‘3ஆயிஸ்’ என்பார். கெய்ரோ பேச்சில் காஃப் (அடித்தொண்டையில் ஒலிக்கும் ‘க’ எழுத்து) பெரும்பாலும் ஹம்ஸாவாகிவிடும். இதயம் என்ற ‘கல்ப்’, ‘2அல்ப்’ என்று வரும்.

இப்படிச் செய்து பாருங்கள்:

1. ஒரே ஒரு வரியை எடுத்து அரபி விசைப்பலகையில் தட்டுங்கள்.
2. 2 வரும் இடமெல்லாம் முதலில் ஹம்ஸா, பொருந்தாவிட்டால் காஃப்.
3. அப்போதும் புரியாத சொல்லை எகிப்தியப் பேச்சு அகராதியில் பாருங்கள். ஃபுஸ்ஹா அகராதியில் பலதும் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை: இந்தப் பட்டியல் எல்லா நாட்டுக்கும் செல்லாது. 9 வளைகுடாவில் ஸாத் என்ற எழுத்து, மொராக்கோவிலும் துனிசியாவிலும் காஃப்.

பதிலை நீங்கள் அரபி எழுத்திலேயே, ஃபுஸ்ஹாவிலேயே அனுப்பலாம்; அவருக்குத் தாராளமாகப் புரியும். ‘ஏன் இப்படி எழுதுகிறாய்’ என்று மட்டும் கேட்காதீர்கள். இது மொழியைக் கெடுக்கிறதா என்று அரபிகளே கடுமையாக வாதிடுகிறார்கள், பலருக்கு மனம் புண்படும் விஷயம்.