மூன்று நாள் வேலை, இருபது நிமிஷம் – கடிதம்

அன்புள்ள சார்,

உங்கள் மில் கதைகளைப் படித்துவிட்டு எழுதுகிறேன். திருப்பூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன். பனியன் கம்பெனி, நூல் கடை, சாயப்பட்டறை, எம்ப்ராய்டரி யூனிட் என்று என் பொறுப்பில் 38 பார்ட்டிகள். மாசாமாசம் 14ஆம் தேதி 2பி (விற்றவர்கள் ஜிஎஸ்டியில் ஏற்றிய பில்களின் பட்டியல்) வந்ததும் டவுன்லோட் செய்து, அதை அவர்களுடைய பர்ச்சேஸ் ரிஜிஸ்டரோடு பில் பில்லாக ஒத்துப் பார்த்து, இருப்பதற்குப் பச்சையும் இல்லாததற்குச் சிவப்பும் அடித்து, 20ஆம் தேதிக்குள் 3பி என்கிற ஜிஎஸ்டி ரிட்டர்னைப் போட வேண்டும். ஒத்துப் பார்க்கிற வேலை மட்டும் எனக்கு முழுசாக மூன்று நாள் பிடிக்கும்.

போன பொங்கல் லீவில் யூடியூப் பார்த்தும் சாட்ஜிபிடியிடம் கேட்டும் எக்செலில் ஒரு மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்கிற சின்ன புரோகிராம்) எழுதினேன். இப்போது 38 பார்ட்டிக்கும் சேர்த்து இருபது நிமிஷம்தான். யாரிடமும் சொல்லவில்லை. ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா மேலும் கீழும் ஸ்க்ரோல் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எதிர் மேஜையில் ஓர் அண்ணா. 57 வயசு. மீதிப் பார்ட்டிகள் அவருடையவை. எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் வைத்து, சிவப்புப் பேனாவால் டிக் அடிப்பார். 18, 19 தேதிகளில் ராத்திரி ஒன்பது வரை உட்காருவார். சாயங்காலம் எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு "உனக்கும் இன்னும் முடியலியாம்மா?" என்று கேட்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

சொன்னால் அவருடைய பார்ட்டிகளையும் என்னிடம் கொடுத்து அவரை அனுப்பிவிடுவார்களோ என்று பயம். வீட்டுக்காரர், "வாயைத் திறக்காதே, இன்னும் நாற்பது பார்ட்டி தருவார்கள், சம்பளம் அதேதான்" என்கிறார். நான் செய்வது ஏமாற்றா சார்? எழுத்து வேலையில் நீங்கள் இப்படி எதையாவது செய்திருக்கிறீர்களா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

ஏமாற்று கிடையாது. வேலை முடிந்திருக்கிறது, தேதிக்குள் முடிந்திருக்கிறது, சம்பளம் அதற்குத்தான். ஆனால் அந்த ஸ்க்ரோல் செய்கிற சங்கதியை நிறுத்திவிடுங்கள். வேலை பார்ப்பதைவிட வேலை பார்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பது உடம்பை அதிகம் வாங்கும். நானும் கொஞ்ச காலம் அப்படி உட்கார்ந்திருந்தவன், முதுகுவலி அங்கேதான் ஆரம்பித்தது என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில், தொழிலாளர்களின் வேலை நேரக் கணக்கு எழுதுகிற டைம் ஆபீஸில் அப்போது எனக்கு வேலை. அங்கே ஒரு பெரியவர் ஓ.டி., அதாவது ஓவர்டைம் கணக்கை நீள நோட்டில் எழுதுவார். மாசக் கடைசியில் அவரும் நானுமாக நாலு நாள் கூட்டுவோம். கம்ப்யூட்டர் வந்தது, பஞ்சிங் மெஷினிலிருந்து நேரம் நேராக எக்செலுக்கு வந்தது, நான் ஒரு மேக்ரோ எழுதினேன். வெளியே போன நேரத்திலிருந்து உள்ளே வந்த நேரத்தைக் கழி, எட்டுக்கு மேல் இருந்தால் ஓ.டி. அவ்வளவுதான். ரெண்டாம் ஷிஃப்டில் ஒரு சிக்கல் வந்தது. மாலை நாலு மணிக்கு வருகிறவர் இரவு 12 தாண்டித்தான் கார்டு அடிப்பார், கழித்தால் மைனஸ் வரும், நேரம் மைனஸில் போனால் எக்செல் கட்டம் முழுக்க வேலி போட்டதுபோல் குறியாக நிற்கும். பார்க்க அசிங்கமாக இருந்தது. மைனஸ் வந்தால் அது ரெண்டாம் ஷிஃப்ட், எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்தேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். பன்னிரண்டுக்குப் போகாமல் ரெண்டு மணி வரை ஓ.டி. பார்த்தவருக்கும் அதே எட்டுதான் விழுந்தது.

மூன்று மாசம் இப்படியே ஓடியது. தொழிற்சாலைச் சட்டப்படி ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம், அதனால் அவர்களுக்குச் சின்ன நஷ்டமில்லை. கடைசியில் ரிங் ஃப்ரேமில் (நூல் நூற்கும் மெஷின்) சைடராக, அதாவது அதை ஓட்டுகிறவராக, இருந்த ஒருவர் ஜன்னலோரம் வந்து நின்றார். கையில் தினசரிக் காலண்டர் தாள்கள். ஓ.டி. பார்த்த நாட்களின் தாள்களை மட்டும் கிழித்துக் கோத்து வைத்திருந்தார். "ஏனுங் சார், உங்க கம்ப்யூட்டரு ராத்திரி பன்னெண்டு மணிக்குத் தூங்கிப்போயிருங்களா?" என்றார். மைனஸோடு 24ஐக் கூட்டியிருந்தால் போதும். ரெண்டிலிருந்து பதினாறு போனால் மைனஸ் பதினாலு, 24ஐக் கூட்டினால் பத்து. ஒரே ஒரு கூட்டல்தான் விட்டுப்போயிருந்தது.

நோட்டில் எழுதிய பெரியவருக்கு இந்தத் தப்பு வந்ததே இல்லை. அவருக்கு மைனஸ் என்றால் என்னவென்றே கவலை கிடையாது. யார் ரெண்டு மணிக்குப் போனார் என்று அவருக்குத் தெரியும், பத்து என்று எழுதுவார். அவர் மண்டைக்குள் இருந்த விதிகளில் பாதியை நான் கேட்கவே இல்லை, கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவரைக் கேட்டால் என் மேக்ரோ வெளியே தெரிந்துவிடுமே.

உங்கள் விஷயத்தில் எனக்குப் பயம் இந்த இடத்தில்தான். நீங்கள் மறைத்துவைத்திருப்பதால் அதை யாரும் சரிபார்க்கவில்லை.

(இந்தப் பக்கம் வராத வாசகர்களுக்கு: பனியன் கம்பெனி நூல் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, தான் விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நூல் விற்றவர் தன் ரிட்டர்னில் அந்த பில்லை ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றியவற்றின் பட்டியல்தான் 2பி. 2020இல் வந்தது. 2022 ஜனவரியிலிருந்து அதில் இல்லாத பில்லுக்கு இந்தக் கழிவை, அதாவது கிரெடிட்டை, எடுக்க முடியாது. தப்பாக எடுத்துச் செலவழித்துவிட்டால் 18 சதவீதம் வட்டி.)

இப்போது கேட்கிறேன். உங்கள் மேக்ரோ பில் நம்பரை எப்படி ஒப்பிடுகிறது? ரிஜிஸ்டரில் 45 என்றும் 2பியில் 0045 என்றும் இருந்தால் முன்னால் இருக்கிற சைபரை வெட்டுகிறீர்களா? வெட்டினால் நல்லது. வருஷம், சீரிஸ் எல்லாவற்றையும் வெட்டிக் கடைசி எண்ணை மட்டும் பார்த்தால், போன வருஷத்து 45உம் இந்த வருஷத்து 45உம் கைகுலுக்கிக்கொண்டு பச்சையாகிவிடும். பில் நம்பர் 7/12 என்று இருந்தால் எக்செல் அதை டிசம்பர் 7 என்று தேதியாக்கிவிடுவதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேலே தேதி மாதிரி தெரியும், உள்ளே அது ஐந்து இலக்க எண்ணாக இருக்கும், எதோடும் ஒட்டாது. இந்த வியாதிக்கு மருந்தில்லாமல்தான் மரபணு விஞ்ஞானிகள் 2020இல் மார்ச்1, செப்ட்1 என்றிருந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். ஒரு பட்டியலில் இருப்பதை இன்னொன்றில் தேடி எடுக்கிற விலுக்அப் (VLOOKUP) ஃபார்முலா போட்டிருந்தால் கடைசி இடத்தில் ஃபால்ஸ் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அதை விட்டுவிட்டால் சரியான விடை இல்லாத இடத்தில் கிட்டத்தட்ட ஒன்றை எடுத்துப் போட்டுவிடும், எர்ரர்கூடக் காட்டாது.

சத்தம் போடாத தப்புதான் ஆளை விழுங்கும். அதே 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை, லேப்களிலிருந்து வந்த கோவிட் முடிவுகளைத் தானாக எக்செலுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தது. பழைய எக்ஸ்எல்எஸ் வகை எக்செல் ஃபைல். அதில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான் கொள்ளும். அதற்கு மேல் வந்தவை விழுந்துபோயின. 15,841 பேருக்குத் தொற்று இருந்தும் தினசரிக் கணக்கில் ஏறவில்லை, அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் தாமதமானது. உள்ளே போன வரிகள் எத்தனை, வெளியே வந்த வரிகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க ஒரு கட்டம் இருந்திருந்தால் அன்றைக்கே சிக்கியிருக்கும். உங்கள் ஷீட்டில் அந்தக் கட்டம் இருக்கட்டும். எண்ணிக்கை ஒன்று, வரித்தொகையின் கூட்டல் ஒன்று. டவுன்லோட் செய்த மூல ஃபைலில் கை வைக்காதீர்கள், காப்பியில் ஓட்டுங்கள்.

அப்புறம், சாட்ஜிபிடியிடம் கேட்கும்போது பார்ட்டியின் நிஜ பில்களை அப்படியே ஒட்டியிருந்தால் இனிமேல் வேண்டாம். பொய்யாக நாலு பில் தயாரித்துக் கேளுங்கள், அதே விடைதான் வரும்.

சரி, யாரிடம் சொல்வது? முதலில் ஆடிட்டரிடம் போகாதீர்கள். அண்ணாவிடம் போங்கள்.

டீ வந்ததும் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வார், இத்தனை மாசம் எதிரில் உட்கார்ந்துகொண்டு மறைத்தாயே என்பார், அது நியாயம்தான், வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு, இந்த மாசம் அவருடைய பத்துப் பார்ட்டிகளை அவர் வழக்கம்போல் ஸ்கேல் வைத்து டிக் அடிக்கட்டும், அதே பத்தை நீங்கள் மேக்ரோவில் ஓட்டுங்கள். ரெண்டும் எங்கெங்கே ஒத்துப்போகவில்லையோ அதை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர் ஏன் அந்த பில்லுக்கு டிக் அடித்தார், மேக்ரோ ஏன் சிவப்புக் காட்டியது? "அது அவங்க தம்பி கம்பெனிம்மா, ரெண்டு ஜிஎஸ்டி நம்பர், அடிக்கடி மாத்திப் போட்டுருவாங்க" என்பார். இதை எந்த யூடியூப்பிலும் பார்க்க முடியாது. ரெண்டு மாசம் இப்படி ஓட்டினால் அந்த நோட்டு உங்கள் மேக்ரோவைவிட விலை கூடியதாகியிருக்கும்.

அதற்குப் பிறகு ரெண்டு பேருமாக ஆடிட்டரிடம் போங்கள். மூன்று நாள் வேலை இருபது நிமிஷத்தில் முடிகிறது என்று ஆரம்பித்தால் அவர் காதில் நாற்பது பார்ட்டி என்றுதான் விழும், உங்கள் வீட்டுக்காரர் சரியாகத்தான் சொல்கிறார். 15ஆம் தேதி காலையிலேயே எல்லாப் பார்ட்டிக்கும் சிவப்புப் பட்டியல் கையில் இருக்கும் என்று ஆரம்பியுங்கள். விடுபட்ட பில்லுக்கு சப்ளையரைக் கூப்பிட்டு "போன மாசம் ரெண்டு பில் ஏறலீங்க" என்று சொல்லி ஏற்ற வைக்கிற வேலைக்கு இப்போது யாருக்கும் நேரமில்லை, அதனால் பார்ட்டியின் பணம் மாசக்கணக்கில் நிற்கிறது. நாலைந்து நாள் கிடைத்தால் அதைச் செய்யலாம். ஆறு வருஷமாக எல்லா நூல்கடைக்காரரையும் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொள்கிற ஓர் ஆள் எதிர் மேஜையில் இருக்கிறார் என்று நினைக்கிறேன், ஆறு என்ன, அவருக்கு அது முப்பதாக இருக்கும். சம்பளப் பேச்சையும் அதே நாளில் பேசிவிடுங்கள், அடுத்த மாசம் பார்க்கலாம் என்று விட்டால் அது வராது.

அவருடைய வேலை போகாது என்று நான் உறுதி சொல்ல முடியாது. எங்கள் டைம் ஆபீஸில் நாலு பேர் இருந்தோம். கம்ப்யூட்டர் வந்ததும் யாரையும் அனுப்பவில்லை. ஒருவர் ரிட்டயர் ஆனபோது அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை, அடுத்தவர் போனபோதும் எடுக்கவில்லை. நான் கிளம்பும்போது அங்கே ஒரே ஒரு பையன் இருந்தான். பெரும்பாலும் இது இப்படித்தான் நடக்கிறது, சத்தமில்லாமல். உங்கள் அண்ணாவுக்கு 57. நீங்கள் மறைத்தாலும் இன்னும் ரெண்டு வருஷத்தில் யாராவது ஒரு சாஃப்ட்வேர்க்காரர் இதே வேலையைச் செய்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆடிட்டர் அறைக்குள் போவார். அப்போது அந்த நோட்டும் இருக்காது, அண்ணாவைப் பற்றிப் பேச உள்ளே ஆளும் இருக்காது.

இன்னொன்று. மறைத்து வைத்த மேக்ரோ உங்களையே கட்டிப்போடும். 14க்கும் 20க்கும் நடுவில் உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட முடியுமா? யாரிடம் கொடுத்துவிட்டுப் போவீர்கள்?

எழுத்து வேலையில் என்ன செய்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய ஃபான்ட்டில் அடித்து வைத்திருந்த கதைகளையெல்லாம் யூனிகோடுக்கு மாற்ற ஒரு மேக்ரோ எழுதினேன், அது உருப்படியானது. பழைய ஃபான்ட்டில் கொம்பை முதலில் அடித்து, எழுத்தை அடித்து, பிறகு கால் போட வேண்டும். யூனிகோடில் எழுத்துதான் முதலில். அதனால் கொ, கோ போன்ற மூன்று துண்டு எழுத்துகளை முதலில் மாற்றி, அப்புறம் கெ, கே, கடைசியில் தனி எழுத்து என்று இறங்கி வர வேண்டும். வரிசையை மாற்றினால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகக் கிடக்கும். கத்துக்கொள்ள ஒரு வாரம் ஆனது, முந்நூறு பக்கம் ஒரு மதியத்தில் முடிந்தது.

அந்தத் தைரியத்தில் செய்தது அடுத்தது. ஒரு குறுநாவலில் நாயகன் பெயர் மணி. எழுதி முடித்த பிறகு, அதே பெயரில் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், தன்னைத்தான் எழுதியிருக்கிறேன் என்று சண்டைக்கு வருவார் என்று பயந்து சேகர் என்று மாற்றினேன். ஃபைண்ட், ரீப்ளேஸ் ஆல், ஒரே தட்டு. படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். சேகர் காலை ஆறு சேகர்க்கு எழுந்து சேகர்க்கூண்டு பக்கம் டீ குடிக்கப் போனார். பக்கத்து வீட்டு மணிமேகலை அக்கா சேகர்மேகலை ஆகியிருந்தார். இவற்றையெல்லாம் ப்ரூஃப் பார்த்த நண்பர் பிடித்துவிட்டார். ஒன்று மட்டும் அவர் கண்ணுக்குத் தப்பி அச்சுக்கே போனது. கொங்கு நாட்டுக் கதை, தாத்தா பேத்தியைப் பாசமாகக் கூப்பிடுகிற இடம். "வா அம்சேகர், சோறு உண்ணலாம்" என்று இன்றைக்கும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது.