இருவருக்கும் 20 புள்ளி: யாரை நம்பி ஆட்டத்தை அமைப்பது?

கேள்வி: கடலூரில் ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி அளிக்கிறேன். சென்ற போட்டியில் இரண்டு மாணவர்கள் ஆளுக்கு 20 புள்ளி எடுத்தார்கள். ஒருவர் தூரத்திலிருந்து எறிபவர். மற்றவர் பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே புகுபவர். ஸ்கோர் ஷீட்டை இணைத்துள்ளேன். நாங்கள் ஆடுவது திறந்தவெளி மைதானத்தில். யாரை மையமாக வைப்பது?

பதில்: 20 புள்ளி என்பது வரவு, அதற்கு ஒவ்வொருவரும் எத்தனை வாய்ப்புகளைச் செலவழித்தார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். உங்கள் ஷீட்டின்படி முதலாமவர் 18 ஷாட் எடுத்திருக்கிறார்: மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே 10-க்கு 4, உள்ளே 8-க்கு 4, ஃபவுலுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ ஒன்றுகூட இல்லை. இரண்டாமவர் 11 ஷாட்டில் 6 போட்டிருக்கிறார். ஃப்ரீ த்ரோவில் 10-க்கு 8. ஷாட் எண்ணிக்கையோடு ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையின் 0.44 மடங்கைக் கூட்டி, அதை இரட்டித்து, எடுத்த புள்ளிகளை அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது 'ட்ரூ ஷூட்டிங்' விகிதம். பொதுவாக இரண்டு ஃப்ரீ த்ரோ ஒரு வாய்ப்புக்குச் சமம், ஆனால் கூடை விழுந்த பின் கூடுதலாக ஒன்றே ஒன்று எறியும் சந்தர்ப்பங்களும் உண்டு என்பதால்தான் பாதிக்குப் பதிலாக 0.44. முதலாமவருக்கு 55.6 சதவீதம் வருகிறது, இரண்டாமவருக்கு 64.9.

இதனால் முதலாமவரை ஒதுக்கிவிட வேண்டாம். அமெரிக்கக் கல்லூரி ஆடவர் ஆட்டத்தில் 2008-09-இல் டேவிட்சன் கல்லூரியின் ஸ்டீபன் கரி சராசரி 28.6 புள்ளியுடன் நாட்டில் முதலிடம் பெற்றது தூர எறிதலைப் பெரிதும் நம்பித்தான். 2023-24-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஸாக் ஈடி 25.2 புள்ளியுடன் அதே இடத்துக்கு வந்தது கூடையின் அடியிலும் ஃப்ரீ த்ரோ கோட்டிலும். கரி முதலிடம் பெற்ற அந்தப் பருவத்தில் அங்கே மூன்று புள்ளிக் கோடு 6.32 மீட்டரில் இருந்தது, உங்கள் மாணவருக்கோ 6.75 என்பதால், விகிதங்களை அப்படியே ஒப்பிடுவது நியாயமாகாது.

ஷீட்டின் புள்ளிப் பகுதியில் தெரியாத இரண்டு செய்திகள் உண்டு. தூரத்திலிருந்து எறிபவரை விட்டு அவருடைய காவலர் நகர முடியாது. அந்த இடைவெளியில்தான் இரண்டாமவர் கூடைக்கு அருகே ஓடிப்போய்ப் போடும் லே அப்களில் பாதி விழுந்திருக்கலாம். முதலாமவர் பெஞ்சில் இருக்கும் நிமிடங்களில் இரண்டாமவர் எப்படி ஆடுகிறார் என்பதைத் தனியே குறித்துப் பாருங்கள். இரண்டாவது செய்தி எதிரணியின் ஃபவுல் கட்டங்களில் இருக்கிறது: உள்ளே புகுபவர் ஒவ்வொரு முறை அடிபடும்போதும் எதிரணி வீரர் ஒருவர் ஆட்டத்தை விட்டே வெளியேற்றும் ஐந்தாவது ஃபவுலை நோக்கி ஒரு படி நகர்கிறார்.

மைதானத்தையும் மறக்கக் கூடாது. நம் கடற்கரை ஊர்களில் பிற்பகலில் எழும் கடற்காற்று உயரமாக வளைந்து போகும் பந்தைத்தான் அதிகம் அலைக்கழிக்கும். லே அப்பை அது அவ்வளவாகத் தொடாது. காற்றில்லாத காலைப் போட்டியின் கணக்கையும் மாலைப் போட்டியின் கணக்கையும் கலக்காதீர்கள்.

இப்போதைக்கு என் பரிந்துரை: கடைசி ஐந்து நிமிடம் பந்து இரண்டாமவர் கையில் இருக்கட்டும், முதலாமவர் எதிர்ப்பக்க மூலையில் நிற்கட்டும். ஆனால் இரண்டாமவர் அதே பத்து ஃப்ரீ த்ரோவில் ஐந்து மட்டும் போட்டிருந்தால் அவர் விகிதம் 55.2-க்கு இறங்கி, முதலாமவருக்கும் கீழே போயிருக்கும். ஆகவே பயிற்சியின் முடிவில், கால் தளர்ந்த நிலையில், அவரைத் தினமும் பத்து ஃப்ரீ த்ரோ எறியச் சொல்லி, விழுந்த எண்ணிக்கையை நோட்டில் எழுதி வாருங்கள்.