ட்ரூஸ், மறுபிறவி – கடிதம்

அன்புள்ள சார்,

சிரியாவில் சுவைதா கலவரச் செய்தியில்தான் ட்ரூஸ் என்ற பெயரையே முதலில் பார்த்தேன். முஸ்லிம் என்கிறார் ஒருவர், இல்லை என்கிறார் இன்னொருவர். மறுபிறவியை நம்புகிறார்களாம். அப்படியானால் நம்மிடமிருந்து போன மதமா? அரசியலில் யார் பக்கம்?

ஆர்.

அன்புள்ள ஆர்,

முதலில் பெயர். தராசி என்ற போதகரின் பெயரிலிருந்து மற்றவர்கள் ஒட்டவைத்தது அது. அவரையோ இவர்கள் வழிதவறியவர் என்று தள்ளிவைத்தவர்கள். தங்களை முவஹ்ஹிதூன், அதாவது ஏகத்துவத்தார் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

1017இல் கெய்ரோவில், எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய கலீஃபா அல்-ஹாகிம் காலத்தில், ஷியா முஸ்லிம்களின் ஒரு பிரிவான இஸ்மாயிலி மரபுக்குள்ளிருந்து இந்த மதம் கிளைத்தது. 1043இல் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ரமலான் நோன்பு கடமை இல்லை. லெபனான் நாடாளுமன்றத்தில் இவர்களின் 8 இடங்கள் முஸ்லிம் கணக்கில் வருகின்றன. இஸ்ரேல் 1957இல் தனி மதச் சமூகமாக அங்கீகரித்தது. ஆக, முஸ்லிம் என்றவர், இல்லை என்றவர், நீங்கள் கேட்ட இருவர் சொன்னதும் ஒருவகையில் சரிதான்.

அப்புறம் மறுபிறவி. அவர்கள் சொல் தகம்முஸ். கமீஸ், அதாவது சட்டை என்ற வேரிலிருந்து வந்தது. நம் கடைகளில் தொங்கும் சல்வார் கமீஸின் அதே கமீஸ். உடல் சட்டை, உயிர் அதை மாற்றிக்கொள்கிறது. உடனே கீதை உவமை ஞாபகம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் ஒற்றுமை அங்கேயே நின்றுவிடுகிறது. நாயாய் நரியாய்ப் பிறப்பதெல்லாம் இங்கே கிடையாது. இறந்த கணமே இன்னொரு குழந்தையின் உடலில், அதுவும் ட்ரூஸ் குழந்தையாகவே பிறக்கிறது. மூன்று நான்கு வயதுப் பிள்ளை 'என் வீடு இதில்லை' என்று வேறொரு கிராமத்தைச் சொன்னால், பெற்றோர் அதட்டுவதில்லை, விசாரித்துக் கூட்டிப் போகிறார்கள். அங்கே மகனைப் பறிகொடுத்த குடும்பம் ஒன்று இருந்தால், அதன்பிறகு இரண்டு வீடும் சொந்தம்தான். உயிர்களின் எண்ணிக்கையே மாறாதது என்று நம்பும்போது மதம் மாற்ற அங்கே என்ன வேலை?

மறுபிறவி என்றாலே இந்தியாவிலிருந்து போனது என்று நினைப்பது நம் பழக்கம். கிரேக்கத்தின் பித்தாகரஸும் பிளேட்டோவும் ட்ரூஸ்கள் போற்றும் ஞானிகள்; அந்தத் திசையில் தேடுங்கள். இந்தியத் தொடர்பு ஒன்று உண்டுதான். லெபனானின் ட்ரூஸ் தலைவர் கமால் ஜும்பிளாத், 1977இல் கொல்லப்பட்டவர், திருவனந்தபுரம் ஆத்மானந்த கிருஷ்ண மேனனிடம் வேதாந்தம் கேட்டவர். ஆனால் அது 20ஆம் நூற்றாண்டுக் கதை.

எந்த ட்ரூஸ் இளைஞரையும் பிடித்து உங்கள் வேதநூல் என்ன சொல்கிறது என்று கேட்காதீர்கள். உக்கால் எனப்படும் தீட்சை பெற்றவர்கள்தான் அதைப் படிக்கலாம், பெண்களும் உண்டு. மற்றவர்கள் ஜுஹ்ஹால், அறியாதவர்கள். பெரும்பாலோர் இவர்கள்தான்.

யார் பக்கம் என்றால், ஊருக்கு ஊர் மாறும். இஸ்ரேலிய ட்ரூஸ் ஆண்களுக்கு 1956 முதல் கட்டாய ராணுவ சேவை. சிரியாவிடமிருந்து 1967இல் இஸ்ரேல் பிடித்த கோலான் மேட்டுப்பகுதியில் ட்ரூஸ்களில் பெரும்பாலோர் அதன் குடியுரிமையே வேண்டாம் என்றார்கள். அங்குள்ள மஜ்தல் ஷம்ஸ் என்ற ஊரில் குடும்பங்கள் இஸ்ரேல்-சிரியா எல்லை வேலிக்கு இரு பக்கமும் பிரிந்துபோயின. இந்தச் சரிவில் அண்ணன், அந்தச் சரிவில் தங்கை. கையில் மெகாபோன் வைத்துக்கொண்டு, கல்யாணமும் சாவும் கத்தித்தான் சொல்லிக்கொண்டார்கள். செல்போன் வந்தபிறகு அது குறைந்தது.