மாநகராட்சியோடு சேர்ந்தால் எங்கள் காலனிக்கு வடிகால் வருமா?

கேள்வி: கடலூரை ஒட்டிய ஊராட்சியில் இருக்கிறோம். மாநகராட்சியோடு எங்களைச் சேர்க்கப் போவதாகப் பேச்சு. மெயின் ரோட்டுப் புது நகர்களுக்கு எல்லாம் கிடைக்கும், பள்ளத்தில் இருக்கும் எங்கள் காலனிக்கு வரி மட்டும்தான் ஏறும் என்கிறார்கள். மழை பெய்தால் வாசலிலேயே கழிவுநீர் நிற்கிறது. இப்போது நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. எல்லைக்குள் வந்துவிட்டால் சொத்து வரி தானாக வந்துவிடும், அரையாண்டுக்கு ஒரு முறை கட்ட வேண்டும். வடிகால் அப்படி வராது. அதற்கு மதிப்பீடு போட வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும், டெண்டர் விட வேண்டும். ஒவ்வொரு படியிலும் கேட்க ஆள் இல்லாத தெருதான் பின்னால் போகும். கடலூர் 1866-லேயே நகராட்சி ஆன ஊர், 2021-ல் மாநகராட்சி ஆனது. ஆனாலும் பழைய எல்லைக்குள் இருக்கும் தாழ்வான குடியிருப்புகள் மழைக்காலத்தில் என்ன பாடுபடுகின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில், உங்கள் காலனி எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். அறிவிப்பு வந்ததும் அதில் உள்ள சர்வே எண்களை உங்கள் பட்டாவோடு ஒப்பிடுங்கள். விடுபட்டிருந்தால், அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நகரங்கள் வருமானம் வரும் இடங்களைச் சேர்த்துக்கொண்டு ஏழைகளின் குடியிருப்பை விட்டுவிடுவது பெரிய பிரச்சினையாக இருந்தது. 2011-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன்படி 10 ஏக்கருக்கு மேல் சேர்க்கும்போது, பக்கத்தில் ஏழைக் குடியிருப்பு இருந்தால், சில விலக்குகள் தவிர, அதையும் சேர்க்க விண்ணப்பித்தாக வேண்டும். இங்கே உங்கள் ஆட்சேபணை மனுதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

சேர்வதில் இழப்பும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் ஊரக வேலை உறுதித் திட்டம் ஊரகத்துக்கு மட்டுமானது. கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது பெரிய அடி. நிலுவைக் கூலியை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். ஜல் ஜீவன் குடிநீர், கலைஞரின் கனவு இல்லம் போன்றவையும் ஊரகத் திட்டங்கள்தான். யாருக்காவது வீட்டு ஆணை வர வேண்டியிருந்தால் தள்ளிப் போடாதீர்கள். கிராம சபையும் இருக்காது. அதற்குப் பதில் வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. அங்கே நீங்கள் போகாவிட்டால் உங்கள் தெருவின் பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள்.

இணைப்புக்கு முன்பே ஊராட்சி அலுவலகத்தில் சாலை, தெருவிளக்கு, குடிநீர் இணைப்புப் பதிவேடுகளின் நகலைக் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். பதிவேட்டில் இல்லாத தெரு, ஒப்படைப்பில் காணாமல் போய்விடும். வீட்டு வரி ரசீது, குடிநீருக்குக் கட்டிய வைப்புத்தொகை ரசீது இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். பட்டா இல்லாமல் புறம்போக்கில் இருப்பவர்கள் இப்போதே விண்ணப்பிப்பது நல்லது. ஏரி, வாய்க்கால் போன்ற நீர்நிலைப் புறம்போக்கு என்றால் பட்டா கிடைப்பது மிகக் கடினம், மாற்று இடம் கேட்டு மனு கொடுங்கள்.

சரி, எல்லாம் செய்தும் சாக்கடை வாசலில் நிற்கிறது என்றால்? மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகரில் இதே நிலைதான். மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள், நகராட்சி பணம் இல்லை என்றது. 1980-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கை ஏற்கவில்லை. பொதுச் சுகாதாரக் கடமையிலிருந்து நிதி இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்பது தீர்ப்பு. ரத்லாம் மக்கள் பயன்படுத்தியது, பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி உத்தரவிட வழி செய்யும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 152-வது பிரிவு. மாஜிஸ்திரேட் அதிகாரமும் உள்ள வருவாய்க் கோட்டாட்சியரிடம் இதன் கீழ் மனு கொடுக்கலாம். காலனியில் பலர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். தண்ணீர் நிற்கும் இடத்தின் படங்களைத் தேதியோடு இணையுங்கள். முன்பு கொடுத்த மனுக்களின் ஒப்புகை எண்களையும் எழுதுங்கள். மனுவில் எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை தேங்குகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.