முறுக்குச் சுற்றும் வட்டமும் பேக்கிங் மூலையும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்புகிறோம். 14 பெண்கள் வேலை பார்க்கிறார்கள். மற்ற இடங்களைவிடக் கூலி குறைவில்லை. பழைய ஆட்கள் வருடக்கணக்காக இருக்க, புதிதாக வருபவர்கள் இரண்டு மாதம் தாண்டுவதில்லையே, ஏன்?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: கூலியை ஏற்றுவதற்கு முன் ஒரு நோட்டை எடுங்கள். போன வருடம் நின்றுபோன ஒவ்வொருவருக்கும் சேர்ந்த தேதி, நின்ற தேதி, பார்த்த வேலை, யார் பக்கத்தில் உட்கார்ந்தார் என்று எழுதுங்கள். விடை அநேகமாகக் கடைசிக் கட்டத்தில் இருக்கும்.

கைமுறுக்குச் சுற்றுபவர்கள் வட்டமாக உட்காருகிறார்கள். கை ஓடும்போதே வாயும் ஓடும். புதியவருக்குச் சுற்ற வராது என்று பேக்கிங்கில் போடுகிறோம். சுவரைப் பார்த்த மேசை, தராசு, சீல் மிஷின். மிஷினை விட்டு எழக்கூடாது என்பதால் சாப்பாடும் தனியாக, இரண்டு மணிக்கு. நாற்பது நாள் ஆனாலும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளிருக்காது. பக்கத்துத் தெருவில் 20 ரூபாய் கூட என்றால் கிளம்பிவிடுவார். பழையவர் கிளம்பமாட்டார், சீட்டுப் பணம், வளைகாப்பு, சாயங்கால பஸ்ஸுக்குத் துணை எல்லாம் அவருக்கு அந்த வட்டத்தில்தான்.

முதலில் பேக்கிங் மேசையை வட்டத்தின் பக்கம் திருப்புங்கள். அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் ஒரே அரை மணி நேரத்தில் சாப்பிடட்டும். புதியவர் முதல் 15 வேலை நாளும் ஒரே பழைய ஆளின் பக்கத்தில் இருக்கட்டும்.

பலர் சறுக்குவது இங்கேதான். கிலோக் கணக்கில் கூலி வாங்குபவர் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் அன்றைய எடை குறையும். மூன்றாம் நாளே முகம் மாறிவிடும். அந்த 15 நாளும் அவருடைய போன மாதச் சராசரியை நாள்கூலியாகக் கொடுத்துவிடுங்கள். 16-ம் நாள் புதியவரிடம், "நாளைக்கு வர முடியலைன்னா யாருக்குப் போன் போடுவீங்க?" என்று கேளுங்கள். உங்கள் பெயரை மட்டும் சொன்னால் இன்னும் ஒட்டவில்லை என்று அர்த்தம்.

ஒட்டுதலிலும் ஆபத்து உண்டு. அக்கா, தங்கை, நாத்தனார் என்று ஒரே வீட்டு ஆட்களாக எடுத்தால், ஒருவர் கோபித்துக்கொண்டதும் நான்கு இடம் காலி. அதுவும் தீபாவளிக்கு முந்தைய வாரம் பார்த்துத்தான் நடக்கும்! ஊர் ஊராகக் கலந்து உட்காரவையுங்கள்.

கேள்வி: பேச விட்டால் வேலை கெடாதா?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: வேலையைப் பொறுத்தது. ஆத்தங்குடிப் பூக்கல் (தரையில் பதிக்கும் வண்ணக் கல்) பட்டறையில் கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணம் ஊற்றுகிறவரிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு நிறம் அடுத்த கட்டத்தில் வழியும், கல் வீண். அங்கே பேச்சு டீ நேரத்துக்குத்தான்.

ஆனால் அந்த டீ நேரத்தைத் துண்டு போடாதீர்கள். அமெரிக்க வங்கி ஒன்றின் கால் சென்டரில் ஊழியர்களை ஒருவர் மாற்றி ஒருவராக இடைவேளைக்கு அனுப்பிவந்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸ் பென்ட்லண்டின் ஆலோசனைப்படி ஒரு அணி முழுவதையும் ஒரே நேரத்தில் அனுப்பிப் பார்த்தார்கள். ஒரு அழைப்பை முடிக்க ஆகும் சராசரி நேரம் மொத்தத்தில் 8 சதவீதமும், பின்தங்கிய அணிகளில் 20 சதவீதத்துக்கு மேலும் குறைந்தது. 2012-ல் அவரே இதை எழுதியிருக்கிறார். இக்கட்டான வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பது என்பது காப்பியோடு கைமாறும் சரக்கு.

கேள்வி: பழைய செட்டிநாட்டு வீட்டில் தங்கும் விடுதி நடத்துகிறோம். வருடம் ஒருமுறை ஊட்டி டூர், மாதம் ஒரு பிரியாணி. ஆனாலும் ஆள் நிற்பதில்லை.
- ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: டூர் பஸ்ஸிலும் சமையல்கட்டு ஆட்கள் பின்சீட்டில், ரிசப்ஷன் ஆட்கள் முன்சீட்டில்தானே? தினமும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் ஒட்டுதல் வரும் என்பது நம் பக்கத்துக்குத் தெரியாத பாடமில்லை. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகளில் பல விலாசத்து (நிறுவனத்து) ஆட்கள் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியோடு உட்கார்ந்து தொழில் பார்த்தார்கள், சமையல் பொது. தினமும் ஒரே பந்தி.

உங்கள் விடுதியில் ராத்திரி ஆளும் காலை ஆளும் வாசலில் முகம் பார்த்துப் போகிறார்கள். இரண்டு ஷிப்டும் 15 நிமிடம் சேர்ந்திருக்கும்படி நேரத்தை மாற்றி, டீ வையுங்கள். எந்த அறையில் ஏசி தகராறு, யாருக்குக் காரம் ஆகாது என்பதை வாயால் ஒப்படைக்கட்டும். மேனேஜர் ஐந்தாவது நிமிடத்தில் எழுந்து போய்விட வேண்டும். அவர் இருந்தால் அது மீட்டிங். அந்த 15 நிமிடத்தைச் சம்பள நேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்காவிட்டால் மூன்றாம் வாரம் டீ ஆறிக் கிடக்கும்.